அந்தப் படத்துல நாங்க பேசிக்கிறதே இல்ல

ஆடிச் சாரல் நேரத்துல தங்கச்சி மக வீட்டுக்கு வந்திருந்தா. நீர்வளம் பத்தி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பிள்ளை. காலையில குத்தாலத்துல குளியல், மத்தியானம் பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் கோழியும். சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தா.

"மாமா, வெளிநாட்டுல ஒரு சர்வதேச மாநாடு. இயற்கை வளங்களை எப்படி நிர்வாகம் பண்றதுன்னு கம்ப்யூட்டர்ல மாதிரி செஞ்சு காட்டுறவங்க எல்லாரும் வருவாங்க. நம்ம குளத்தைத்தான் நான் மாதிரியா செஞ்சிருக்கேன். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னா.

பார்த்தேன். நீலக் கட்டம் ஒண்ணு, அது எங்க குளம். பக்கத்துல பச்சைக் கட்டம் மூணு: மேல்மடை, நடுமடை, கடைமடை. கட்டத்துக்குள்ள சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விவசாயி. நானும் அதுல ஒரு புள்ளிதான். பொத்தானை அமுக்கினா வருசம் ஓடுது. மழை பெய்யுது, குளம் பெருகுது, வத்துது. ஏழாம் வருசம் கடைமடை தரிசாப் போச்சு. பன்னிரண்டாம் வருசம் நடுமடையும் காஞ்சிருச்சு. எங்க ஊரு இருபது வருச வாழ்க்கை இருபது செகண்டுல முடிஞ்சு போச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். "ஏ பிள்ள, இந்தப் புள்ளியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுமா?"

அவ கொஞ்சம் யோசிச்சா. "இல்ல மாமா. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லாபத்தைப் பாத்து எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு முடிவு பண்ணுவாங்க. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ அந்தக் குளம் வத்தத்தான் செய்யும்"னேன்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கிட்டு இருந்தோம். அந்தப் பேச்சுதான் இந்தப் பதிவு.

முதல்ல பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு விளக்கம். குத்தாலம்னா உங்களுக்குக் குளியல். பேரருவி, ஐந்தருவி, பழைய குத்தாலம்னு வரிசையா நின்னு தலையைக் காட்டிட்டு, எண்ணெய் வழியப் படம் பிடிச்சுப் போட்டுட்டு ஊருக்குக் கிளம்பிருவீங்க. உங்க தலையில விழுந்த தண்ணி எங்க போகுதுன்னு பாத்திருக்கீங்களா? அது சிற்றாறாகி, தென்காசியைத் தாண்டி, அணைக்கட்டுக்கு அணைக்கட்டு கால் பிரிஞ்சு, குளம் குளமா நிரப்பிக்கிட்டுப் போயி, மிச்சம் இருந்தா சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேருது. ஒரு குளம் நிறைஞ்சு மறுகால் போனாத்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணி. மானூர் பெரியகுளத்துக்காரங்க எல்லாம் மேல இருக்கிறவங்களுக்கு வயிறு நிறையுற வரைக்கும் காத்திருக்கணும்.

தென்மேற்கு மழையில கார் சாகுபடி. வடகிழக்கு மழையில பிசானம். 36 அடிக் குண்டாறு அணை சீக்கிரமே நிறைஞ்சிரும், 132 அடி அடவிநயினார் அணைக்கு நிதானமாத்தான் வரும். பேப்பர்ல தினமும் அணை நிலவரத்தைப் பாத்து மனக்கணக்குப் போடாத விவசாயி எங்க பக்கம் கிடையாது.

அந்த மனக்கணக்கும் ஒரு மாதிரிதான். எங்க அப்பாவுக்கு மடைக்கல்லுதான் கம்ப்யூட்டர். தண்ணி எத்தனாவது கல்லைத் தொட்டிருக்குன்னு பாத்துட்டு, "இது பிசானத்துக்குப் பாதி வரைக்கும்தான் வரும், மிச்சத்துக்கு வானத்தைப் பாக்கணும்"னு சொல்லுவாரு. பெரும்பாலும் சரியா இருக்கும். அதனால மாதிரி செய்யிறவங்களை நான் கேலி பண்ணல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல பெய்ஞ்ச மழையை நினைச்சா இப்பவும் பயமா இருக்கு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. அடுத்த வருசம் மே 17ஆம் தேதி பழைய குத்தாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருத்தனைக் கொண்டு போயிருச்சு. மேல மலையில என்ன பெய்யுதுன்னு கீழ நிக்கிறவனுக்குத் தெரியணும்னா கருவி வேணும், கணக்கு வேணும், விஞ்ஞானம் வேணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

என் கேள்வி வேற. மழைக்குக் கணக்குப் போடுறீங்க, மண்ணுக்குப் போடுறீங்க. மனுசனுக்கு என்ன கணக்கு போடுறீங்க?

மருமக ஒரு கதை சொன்னா. 1968ல காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினாராம். எல்லாருக்கும் பொதுவா ஒரு மேய்ச்சல் நிலம். ஒவ்வொருத்தனும் இன்னும் ஒரு மாடு விட்டா எனக்கு லாபம்னு விடுவான். கடைசியில புல்லே இருக்காது. பொதுச் சொத்துன்னாலே இதுதான் கதின்னாரு. ஒண்ணு அரசாங்கம் எடுத்துக்கணும், இல்ல தனியாருக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். உலகம் முழுக்க அதிகாரிகளும் பேராசிரியர்களும் இதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க.

அந்தக் கதையில மாடு மேய்க்கிறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டாங்க. எந்த ஊர்லங்க மாடு மேய்க்கிறவன் பக்கத்துல மேய்க்கிறவன்கிட்ட பேசாம இருக்கான்? எங்க ஊர்ல பேச்சை நிறுத்தச் சொல்றதுதான் கஷ்டம்.

இதைத்தான் எலினார் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2009ல பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினவங்க, அந்தப் பரிசு வாங்கின முதல் பெண். மாணவர்களை உட்கார வச்சு, பொதுச் சொத்திலிருந்து ஆளாளுக்கு எடுத்துக்கிற மாதிரி விளையாட்டு வச்சுப் பாத்தாங்க. பேசக்கூடாதுன்னு சொன்னப்ப எல்லாரும் அள்ளிக் காலி பண்ணினாங்க. பேசிக்கிடலாம்னு விட்டப்ப, அதே ஆளுங்க அளவா எடுத்தாங்க. நேபாளத்துல வாய்க்கால் வாய்க்காலாப் போய்ப் பாத்தப்ப, கல்லையும் குழையையும் போட்டு விவசாயிகளே நடத்துன பாசனத்துல கடைமடைக்கு ஒழுங்காத் தண்ணி போயிருக்கு. அரசாங்கம் கான்கிரீட் போட்டு நடத்துன இடங்கள்ல பல இடத்துல போகல. கான்கிரீட் போட்டவங்க வாய்க்காலை மட்டும் பாத்தாங்க. வாய்க்கால் வெட்ட எல்லாரும் சேர்ந்து வந்தாகணும்கிற கட்டாயம் போனதும், மேல இருக்கிறவனுக்குக் கீழ இருக்கிறவன் தேவையில்லாமப் போயிட்டான்.

இப்படிப் பொதுவளங்களை ஆராயிறவங்களுக்குன்னு ஒரு சர்வதேச சங்கம் இருக்கு. 2011 ஜனவரியில அவங்க மாநாடு நம்ம ஹைதராபாத்துல நடந்தது. ஆஸ்ட்ரம் அம்மாவும் வந்திருந்தாங்க. அடுத்த வருசமே இறந்துட்டாங்க. தென்காசியிலிருந்து ஒரு ரயில் தூரத்துல எங்க குளத்தைப் பத்தியும் மடையைப் பத்தியும் உலகமே கூடிப் பேசியிருக்கு. அந்த ஜனவரியில நான் பிசான வயல்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பேன். எனக்குத் தகவலே தெரியாது.

பேச்சைக் கணக்குல சேர்க்காத மாதிரி என்ன செய்யும்கிறதுக்குக் கனடாவுல ஒரு பாடம் இருக்கு. நியூஃபவுண்ட்லாந்து கடல்ல கிட்டத்தட்ட 500 வருசமா காட் மீன் பிடிச்சாங்க. 1980கள்ல கரையோரமா சின்னப் படகுல போற மீனவங்க, "மீன் குறையுது, சின்னதாகுது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. விஞ்ஞானிகளோட கணக்கு, மீன் நிறைய இருக்குன்னு காட்டுச்சு. அந்தக் கணக்குப்படி பெரிய கப்பல்களுக்கு அளவு ஒதுக்கினாங்க. 1992 ஜூலையில மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாச்சு. சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. மீனவன் சொன்னது "வாய்ப் பேச்சு"ன்னு ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா பாலித் தீவுல ஒண்ணு நடந்திருக்கு. அங்க வயலுக்குத் தண்ணி விடுறதைச் சுபக்னு ஒரு பாசனச் சபையும், தண்ணீர்க் கோயில்களும் சேர்ந்து தீர்மானிக்கும். எந்தப் பகுதி எப்ப நடணும், எப்ப தரிசு போடணும்னு கோயில்ல கூடிப் பேசுவாங்க. 1970கள்ல பசுமைப் புரட்சி அதிகாரிகள் வந்து, "இதெல்லாம் சடங்கு. நீங்க எப்ப வேணா நடுங்க, எத்தனை போகம் முடியுமோ அத்தனை போடுங்க"ன்னாங்க. ஆளாளுக்கு ஒரு நேரத்துல நட்டதுல பூச்சிக்கு வருசம் பூரா விருந்து. தண்ணிக்கும் அடிதடி.

ஸ்டீபன் லான்சிங்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளரும் ஜேம்ஸ் கிரெமர்னு ஒரு சூழலியல் விஞ்ஞானியும் ரெண்டு ஆத்தோரம் இருந்த 172 சுபக்குகளைக் கம்ப்யூட்டர்ல மாதிரி செஞ்சாங்க. ஆளாளுக்கு நட்டா என்ன ஆகும், எல்லாரும் ஒரே நாள்ல நட்டா என்ன ஆகும், கோயில் சொல்ற மாதிரி பகுதி பகுதியா நட்டா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்தாங்க. கோயில் முறையிலதான் விளைச்சல் நல்லா வந்துச்சு. ஒரே நாள்ல நட்டாப் பூச்சிக்கு இரை இருக்காது, ஆனா தண்ணி பத்தாது. ஆளாளுக்கு நட்டாத் தண்ணி பத்தும், பூச்சி தின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு உண்டு. அதைப் பேசிப் பேசியே அந்த ஜனங்க கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. 2012ல யுனெஸ்கோ இந்தச் சுபக் முறையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

"பாத்தியா, அதுவும் கம்ப்யூட்டர்தான், இதுவும் கம்ப்யூட்டர்தான். அவங்க ஜனங்க பேசிக்கிறதையும் கணக்குல சேர்த்தாங்க"ன்னேன் மருமககிட்ட.

மறுநாள் அவளை எங்க ஊரு நீர்ப்பாய்ச்சிகிட்ட கூட்டிட்டுப் போனேன். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், ஊருக்கு ஊரு பேரு வேற. மடையைத் திறந்து அடைக்கிறதும், எந்த வயலுக்கு எப்பன்னு முறை வைக்கிறதும் அவரு பொறுப்பு. எழுபது வயசைத் தாண்டின மனுசன். அவகிட்ட, "தாயி, தண்ணி விடுறது ரெண்டாவது வேலை. சண்டை வராமப் பாக்குறதுதான் முதல் வேலை"ன்னாரு.

2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. எங்க குளத்துல பாதித் தண்ணிகூட இல்ல. அவருதான் குளத்தங்கரையில எல்லாரையும் கூட்டினாரு. மடையை ஒட்டின வயல்ல மட்டும் நெல்லு, மத்ததுல உளுந்து. நெல்லு போட்டவங்க உளுந்துக்கு ஒரு நனைப்பு விட்டுத் தரணும். ராத்திரி முறை, பகல் முறை எழுதி வச்சு, டார்ச் லைட்டோட அவரே நடந்தாரு. கடைமடையில இருந்த எனக்கு அந்த வருசம் உளுந்து வந்துச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, வட்டி கட்டுற அளவுக்கு. இலங்கையில இதே மாதிரி ஒண்ணை 'பெத்ம'ன்னு சொல்லுவாங்களாம். தண்ணி குறைஞ்ச வருசம் குளத்துக்குப் பக்கத்துல உள்ள நிலத்தை மட்டும் எல்லாரும் பங்கு வச்சுப் பயிர் செய்யிறது.

இதை மருமக மாதிரியில எந்தப் புள்ளியில வைக்கிறது?

இங்க நிறுத்திட்டா இது வழக்கமான "எங்க காலத்துல" பதிவா ஆயிரும். அதனால மிச்ச உண்மையையும் சொல்லிடுறேன்.

அந்தப் பேச்சு எப்பவும் சமமான பேச்சா இருந்ததில்ல. மடை பாத்தவங்களுக்குப் பெரும்பாலும் சொந்தமா நிலம் இருந்ததில்ல. வெள்ளத்துல மடைக்குள்ள முங்கி அடைப்பை எடுத்தது அவங்க, களத்துல மரக்காலைப் பிடிச்சு அளந்து கொடுத்தது நிலக்காரங்க. அளந்ததுதான் கூலி. சாதி எங்க நின்னுச்சோ அங்கதான் அவங்களும் நிக்கணும். அவரு மகன் திருப்பூருக்குப் போயிட்டான். போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது, நாங்களே பேச்சை நிறுத்திட்டோம். வசதி உள்ளவங்க போர் போட்டாங்க. போர் உள்ளவனுக்கு மடை எதுக்கு, கூட்டம் எதுக்கு? நெல்லு வயல்ல தென்னை வச்சாங்க. தென்னைக்குக் கார், பிசானம்னு முறை கிடையாது. பாதி நிலம் குத்தகைக்குப் போச்சு. அறுப்புல அளந்த நெல்லு ரூபாயா மாறுச்சு, அந்த ரூபாயும் பாக்கியா மாறுச்சு. போன வருசம் எங்க பெரியவருக்கு வர வேண்டியதுல பாதிகூட வரல. 2000த்துல பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. 2017ல குடிமராமத்துத் திட்டம் வந்தது. கரை உயர்ந்துச்சு, மடைக்கு ஷட்டர் வந்துச்சு. ஷட்டரைச் சுத்துறவருக்குச் சம்பளம் எங்கயும் எழுதல.

அதனால மருமகளோட மாதிரி தப்புன்னு சொல்லவும் எனக்குத் தகுதி இல்ல. அவ எழுதின மாதிரியே, ஒருத்தரோட ஒருத்தர் பேசாத புள்ளிகளா நாங்க மாறிக்கிட்டு வர்றோம். அந்த நீலக் கட்டம் ஏழாம் வருசம் வத்துனதைப் பாத்தப்ப எனக்கு வயித்தைக் கலக்கினதுக்குக் காரணம் அதுதான்.

அவ இன்னொண்ணும் சொன்னா. பூடான்ல லிங்முதேச்சுன்னு ஒரு ஆத்துப் படுகை. மேல லிம்புக்கா கிராமம், கீழ தோம்போலா. பூடான் நாள்காட்டியில அஞ்சாம் மாசம் பத்தாம் தேதிக்குப் பிறகுதான் மேல உள்ளவங்க தண்ணியைக் கீழ விடுவாங்கன்னு வழக்கம். கீழ நடவுக்குத் தாமதம், வருசா வருசம் சண்டை. ஆராய்ச்சிக்காரங்க அங்க ஆள்களை உட்கார வச்சு அவங்க தண்ணியையே விளையாட்டா ஆட விட்டாங்க. மேல் ஊர்க்காரன் கீழ் ஊர்க்காரனா மாறியும் ஆடணும். அந்த விளையாட்டுல நடந்ததைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. நம்ம ஊரு கணக்கை நாமளே போட்டுப் பாக்குற மாதிரி.

"அப்போ அதை இங்க செய்வோம்"னேன்.

ஊருச் சாவடித் தரையில சாக்பீஸால குளம், மூணு மடை வரைஞ்சா. தண்ணிக்குப் புளியங்கொட்டை. பத்துப் பதினொரு பேர் வந்தாங்க, பாதிப் பேர் வேடிக்கை பாக்க. மேல்மடையில தென்னந்தோப்பும் ரெண்டு போரும் வச்சிருக்கிற அண்ணாச்சியைக் கடைமடையில உட்கார வச்சோம். என்னைய மேல்மடையில. ஆட்டம் ஆரம்பிச்சதும் நானும் கை நிறைய அள்ளினேன். வெக்கமா இருந்தாலும் உண்மை அதுதான். மூணாவது சுத்துல அண்ணாச்சி கையில கொட்டையே இல்ல. "ஏய், இது என்னவே நியாயம்? எனக்கு யாருமே கேக்க மாட்டீங்களா?"ன்னு கத்தினாரு. சாவடியே சிரிச்சுது. பெரியவர் மட்டும் சிரிக்கல. "முப்பது வருசமா கடைமடைக்காரங்க இதைத்தான்யா கேக்காங்க"ன்னாரு.

அதோட எல்லாரும் திருந்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. அண்ணாச்சி போரை மூடல. ஆனா புரட்டாசியில, பிசானத்துக்கு முன்னாடி குளத்துக் கூட்டம் போடணும், நீர்ப்பாய்ச்சிக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு எழுதி முன்பணம் கொடுக்கணும்னு பேச்சு எழுந்திருக்கு. மருமக மாநாட்டுக்குப் போகும்போது படத்துல புதுசா ஒரு கட்டம் சேர்த்திருக்கா. பேரு 'நீர்ப்பாய்ச்சி'. அந்தக் கட்டத்தை எடுத்துட்டு ஓட்டினா என்ன ஆகும், வச்சுட்டு ஓட்டினா என்ன ஆகும்னு ரெண்டையும் காட்டப் போறாளாம்.

ஆராய்ச்சி செய்யிற பிள்ளைங்களுக்கு நான் கேக்குறது இதுதான். மாநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க சாவடிக்கு வாங்க. உங்க மாதிரியை முதல்ல நாங்க பாக்கணும். தப்பு இருந்தா நாங்க சொல்லுவோம். எங்ககிட்ட தப்பு இருந்தா, அது சொல்லட்டும்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல அப்பா பேர்லயோ தாத்தா பேர்லயோ இன்னும் வயல் இருக்கும். குத்தகைக்கு விட்டிருப்பீங்க, இல்ல தென்னை வச்சிருப்பீங்க. அந்த வயலும் ஏதோ ஒரு குளத்துத் தண்ணியைத்தான் குடிக்குது. அந்தக் குளத்துக் கூட்டத்துல உங்க வயலுக்கு ஆள் இல்ல. நீங்களும் பேசாத ஒரு புள்ளிதான். அடுத்த சீசனுக்குக் குத்தாலம் வரும்போது ஒரு நாள் கூடுதலா லீவு போட்டுட்டு ஊருக்குப் போங்க. உங்க குளத்துக்கு மடை பாக்குறவரு யாரு, அவருக்கு எவ்வளவு பாக்கின்னு கேளுங்க. அதைக் கொடுத்துட்டு வாங்க.

எங்க கூட்டம் புரட்டாசி ரெண்டாவது ஞாயிறு. அண்ணாச்சி வருவாரான்னு தெரியல. நான் போய்க் கூப்பிடுறதா இருக்கேன்.